என் வலைப்பூவுக்கு டெம்ப்ளேட் வாங்கிய கதை

கிளிநொச்சியில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் என் வலைப்பூ பார்க்க நன்றாக இல்லை என்ற விசயம் எனக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் ஆறு வருடமாக அதில் எழுதிக்கொண்டிருந்தேன். அது வடிவாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியை. மிருக வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்கிற கள உத்தியோகத்தர் என்று சொன்னால் விளங்கும். வட்டக்கச்சியில் வீடு. வயலைக் கணவர் பார்த்துக்கொள்வார். நான் காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் மாடு, ஆடு, கோழி வளர்க்கிறவர்களின் வீடுகளுக்கும் கொட்டில்களுக்குமாகப் பின்னேரம் வரை ஓட்டம்தான். ஊசி போடுவது, சினைப்படுத்துவது, எந்தத் தீனியை எவ்வளவு வைப்பது என்று சொல்லிக் கொடுப்பது. இதற்கிடையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். கன்று தண்ணியாய்க் கழிகிறது, கோழி தூங்கி விழுகிறது, ஆட்டுக்கு வயிறு ஊதிவிட்டது. ஒரே பதிலை எட்டுப் பேருக்குச் சொன்ன ஒரு நாளில்தான், இதை எங்காவது எழுதி வைத்துவிட்டு "இதைப் பாருங்கோ" என்று அனுப்பிவிடலாமே என்று தோன்றியது. வலைப்பூ அப்படித் தொடங்கியது.

இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றைத்தான் போட்டிருந்தேன். மண் நிறப் பின்னணி. மேலே என் போன் இலக்கம் சிவப்பில், பெரிதாக. அதற்குக் கீழே மாட்டுக்கு, ஆட்டுக்கு, கோழிக்கு என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே என்னென்ன நோய் வருத்தம் வரும் என்று ஒரு நீளப் பட்டியல். ஒன்றைத் தொட்டால் அதற்குரிய கட்டுரை திறக்கும். அவ்வளவுதான்.

கூட்டத்தில் அதைப் புரொஜெக்டரில் காட்டச் சொன்னார்கள். வெள்ளைத் திரையில் அந்த மண் நிறம் விழுந்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு அதிகாரி, நல்ல மனிதர், பாராட்டத்தான் தொடங்கினார்.

"மிஸ், விசயம் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா பாக்கப் பழைய நோட்டீஸ் போர்ட் மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் இந்தக் காலத்துக்கு மாத்துங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதுக்குள் கேட்டபடி இருந்தது. பரந்தன் சந்தியில் நின்று தேத்தண்ணி குடித்தபோது போனை எடுத்து என் வலைப்பூவைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான் என்று பட்டது.

வவுனியாவில் எனக்கு ஒரு நண்பி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். சின்னக் கடை ஒன்று வைத்துக் கலியாணக் காட் அடிப்பாள், ஆட்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பாள். அன்றிரவே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை தரம் சொன்னனான் உனக்கு, உந்த மண் நிறத்தை மாத்தடி எண்டு?" என்றாள். "நான் ஒண்டு அனுப்புறன். பார்."

அவள் அனுப்பிய டெம்ப்ளேட்டின் மாதிரிப் பக்கத்தை லப்டொப்பில் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் பேக்கரியில் சுட்ட பாண், நீலக் கிண்ணம், யன்னலோரம் கோப்பிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகர்ந்து வந்தன. எழுத்துகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். அந்தப் பாண் இருந்த இடத்தில் என் மாடுகளை வைத்துப் பார்த்தேன். மனதுக்குப் பிடித்துவிட்டது.

விலை, நான் ஒரு மாதம் ஸ்கூட்டிக்கு அடிக்கிற பெற்றோலுக்குக் கிட்ட வந்தது. அதைச் சொன்னதும் நண்பி, "உடனே வாங்க வேண்டாம். இலவசமா ஒரு பதிப்பும் விட்டிருக்கினம். அதைப் போட்டு ஒரு கிழமை பாப்பம். பிடிச்சா வாங்குவம்" என்றாள். புத்தியான யோசனை என்றுதான் நினைத்தேன். இப்போதும் அந்த யோசனையில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. பார்ப்பது என்றால் யார் பார்ப்பது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை, அதுதான்.

சனிக்கிழமை பஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனேன். அவள் முதல் வேலையாகப் பழைய டெம்ப்ளேட்டை அப்படியே ஒரு கோப்பாக இறக்கிச் சேமித்து வைத்தாள். பிறகு புதியதைப் போட்டாள். என் வலைப்பூ ஒரு நொடியில் வேறு ஆளுடையது போல் ஆகிவிட்டது.

உடனேயே சில விசயங்கள் கண்ணில் பட்டன. தலைப்புகளை அது பாதியில் வெட்டியது. ஆங்கிலச் சொற்களை மனதில் வைத்துச் செய்ததால், எங்கள் சொற்களின் நீளம் அதற்குள் அடங்கவில்லை. "கன்று போட்ட மாடு எழும்பாவிட்டால்" என்ற தலைப்பு "கன்று போட்ட மா" என்று நின்று, பிறகு மூன்று புள்ளி. சில இடங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன. மூன்று கோடு போட்ட ஒரு சின்ன அடையாளத்துக்குள் மாடும் ஆடும் கோழியும் போய் ஒளிந்துகொண்டன. என் போன் இலக்கம் "தொடர்பு" என்ற தனிப் பக்கத்துக்குப் போய்விட்டது.

"இலக்கம் மேல நிக்காதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் காசு குடுத்து வாங்கினாத்தான் மாத்தலாம். இப்ப வடிவைப் பாரன்."

நானும் வடிவைப் பார்த்தேன். அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

வீட்டில் கணவருக்குக் காட்டினேன். வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றவர் எட்டிப் பார்த்து, "உம்மட பக்கமா இது? வெளிநாட்டுப் புத்தகம் மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்கு அது போதும். அடுத்த நாலைந்து நாளும் வேறு யாரையும்விட நான்தான் என் வலைப்பூவைக் கூடுதலாகத் திறந்து பார்த்திருப்பேன். புல் வளர்ப்பைப் பற்றி ஒரு புதுக் கட்டுரை எழுதினேன். காலை வெயிலில் எடுத்த பச்சைப் புல் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டேன். அந்தப் படத்துக்காகத்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆட்கள் வருவது குறைந்திருந்ததைக் கவனித்தேன். புதுசாக மாற்றினால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று நண்பி சொன்னாள். நம்பினேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். குசினியில் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியபடி.

"மிஸ்தானே? மாட்டைப் பற்றி எழுதுற மிஸ்தானே?"

"ஓம், சொல்லுங்கோ."

"நான் வற்றாப்பளையில இருந்து கதைக்கிறன். மாடு முந்தநாள் கண்டு போட்டது. விடியப் பாத்தா விழுந்து கிடக்குது. எழும்புதில்லை. கழுத்தை ஒரு பக்கம் மடிச்சு வைச்சுக்கொண்டு கிடக்குது."

"காது குளிர்ந்திருக்கா? தொட்டுப் பாருங்கோ."

"ஐஸ் மாதிரிக் கிடக்கு, மிஸ்."

பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. நன்றாகப் பால் கறக்கும் மாடு கன்று போட்டதும், உடம்பில் இருக்கும் கல்சியம் எல்லாம் பாலுக்கு இறங்கிவிடும். மாடு விழுந்துவிடும். நேரத்துக்கு நரம்பில் கல்சியம் ஏற்றினால் அரை மணித்தியாலத்தில் எழும்பி நிற்கும். ஏற்றாவிட்டால் செத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. அந்த நிலையில் மாட்டுக்கு விழுங்க ஏலாது. வாயில் எதை ஊற்றினாலும் நெஞ்சுக்குள் போய்விடும்.

"அக்கா, வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ. மாட்டை நெஞ்சில நிமித்தி இருத்தி ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை வைச்சுச் சரியாம அண்டை குடுங்கோ. நான் உங்கட பகுதி டொக்டருக்கு இப்பவே எடுக்கிறன்."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஊத்திப்போட்டம், மிஸ். என்ர மனிசன்ர தம்பி இஞ்சியும் மிளகும் சர்க்கரையும் கரைச்சுப் போத்திலால பருக்கிப்போட்டார். நான் உங்கட பக்கத்தைத் தேடினனான். காணேல்லை. மூடிப்போட்டீங்கள் எண்டு நினைச்சன்."

அந்தப் பகுதி மிருக வைத்தியரை எனக்குத் தெரியும். போன் எடுத்துச் சொன்னதும், வேறு இடம் போக வெளிக்கிட்டவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு முதலில் அங்கே போவதாகச் சொன்னார். என் வேலை அதோடு முடிந்தது. வற்றாப்பளை என் பகுதியும் இல்லை, மாவட்டமும் வேறு. ஆனால் என்னால் சாப்பாட்டுப் பெட்டியை மூட முடியவில்லை. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

"எங்க போறீர் இவ்வளவு தூரம்?" என்று கணவர் கேட்டார்.

"ஒரு மாடு விழுந்து கிடக்காம்."

"அங்க டொக்டர் இல்லையே?"

"இருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

புதுக்குடியிருப்பு தாண்டி வீட்டைத் தேடிப் பிடிக்க ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. நான் போய் இறங்கும்போது மாடு எழும்பி நின்றது. நாலு காலும் நடுங்கின, ஆனால் நின்றது. சிவப்பு நிற ஜேர்சிக் கலப்பு. கன்று அதன் மடியை முட்டிக்கொண்டு நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அக்கா கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்தபடி அழுகையும் சிரிப்புமாக இருந்தார். மீள்குடியேறி வந்த வருடம் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் கிடைத்த பசுவின் பேத்தி அது என்று பிறகு சொன்னார். கடைசி மகளின் படிப்பு அதன் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தியர் மாட்டின் விலாவில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கல்சியம் வேலை செய்யுது. ஆனா வலது பக்கச் சுவாசப்பை சரியில்லை. ஊத்தினது உள்ள போயிருக்கு. ஊசி போட்டிருக்கிறன், நாளைக்கும் வாறன். பாப்பம்."

அவர் போன பிறகு அந்த அக்கா எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு, "காலமை என்ர பக்கத்தை எப்பிடித் தேடினீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

ஓரத்தில் கண்ணாடி வெடித்த ஒரு பழைய போன். கொட்டிலடியில் இணையம் எடுக்காது என்று வேலிக்கரைக்குப் போனார். சேமித்து வைத்திருந்த என் வலைப்பூவைத் தொட்டார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு என் புல் படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அது முழுதாக வருமுன் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி குதித்து முழுத் திரையையும் மறைத்தது. மின்னஞ்சலைத் தந்தால் புதுக் கட்டுரைகளை அனுப்புகிறோம் என்று அது சொன்னது. மூடுவதற்கான அடையாளம் சரியாக அந்தக் கண்ணாடி வெடித்த மூலையில் இருந்தது. அவர் பெட்டியின் நடுவில் தொட்டார். வேறொரு பக்கம் திறந்தது. திரும்பி வந்தார். மறுபடியும் வட்டம்.

"இப்பிடித்தான், மிஸ். நாலஞ்சு தரம் பாத்தனான். முந்தியெண்டா திறந்த உடனே மாட்டுக்கு எண்டு கிடக்கும். அதில ஆறாவது வரி. எனக்கு மனப்பாடம். வாயில ஊத்தக்கூடாது எண்டு அதில ஏதோ வாசிச்ச ஞாபகம் இருந்தது. இவையளுக்குக் காட்டத்தான் தேடினனான். நான் சொல்ல ஒருத்தரும் கேக்கேல்லை. எழுத்தில இருந்தாக் கேட்டிருப்பினம்."

கடைசியில் பால் சேகரிக்கும் நிலையத்துக்கு ஓடிப் போய், அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் என் இலக்கத்தை வாங்கியிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் போத்தில் வெறுமையாகிவிட்டது.

நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஏன் பக்கம் மாறியது என்று அவரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது புதுக்குடியிருப்பில் ஒரு மரத்துக்குக் கீழே ஸ்கூட்டியை நிறுத்தி நண்பிக்குப் போன் எடுத்தேன்.

"பழசைத் திருப்பிப் போடு. இப்பவே."

"ஏனடி, ஒரு கிழமைகூட முடியேல்லையே?"

"பிறகு சொல்லுறன். போடு."

பத்து நிமிடத்தில் மண் நிறம் வந்துவிட்டது. மரத்தடியில் நின்றே பார்த்தேன். மாட்டுக்கு, ஆறாவது வரி.

மாடு அடுத்த செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. சுவாசப்பைக்குள் போன தண்ணீரால் வந்த சளிச்சுரம். வைத்தியர் ஒவ்வொரு நாளும் போய் ஊசி போட்டும் தப்பவில்லை. அந்த அக்காதான் போன் எடுத்துச் சொன்னார், அழாமல். கன்று இருக்கிறது, பக்கத்து வீட்டு மாட்டின் பாலைப் போத்திலில் கொடுக்கிறார்களாம்.

அப்போதுதான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். பக்கம் பார்க்க வடிவாக இருக்க வேண்டும் என்று நான்தான் மாற்றினேன், அதனால்தான் உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனது என்றேன்.

"ஊத்தினது நாங்கள், மிஸ். நீங்கள் இல்லையே."

அந்தப் பதிலை என்னால் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கன்றுக்கு எவ்வளவு பால் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நண்பியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ர டிசைனே மாட்டைச் சாகடிச்சது? விசர்க் கதை கதையாத."

"கொல்லேல்லை. ஆனா அண்டைக்கு விடிய அந்த மனிசிக்கு ஒரு வரி தேவைப்பட்டது. அது நான் எழுதின வரி. அதுக்கு மேல நான் என்ர புல் படத்தை வைச்சிருந்தனான்."

இரண்டு நாள் கழித்து அவளே போன் எடுத்தாள்.

"அப்ப இனிப் பழசிலேயே இருக்கப் போறியா?"

அதுதான் கேள்வி. பழசும் சரியில்லை என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அன்று வேலிக்கரையில் அந்த அக்காவிடம் பழைய பக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தேன். எழுத்து பொடி, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கித்தான் வாசிப்பேன் என்றார். வெயிலில் அந்த மண் நிறத்தில் ஒன்றும் தெரியாது, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன் என்றார். ஆறு வருடமாக ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் இந்த முறை ஒழுங்காகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். முதலில் அந்தப் பாண் டெம்ப்ளேட்டை விற்பவருக்கு நண்பியைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தேன். காசு கொடுத்து வாங்கினால் அந்தக் குதிக்கும் பெட்டியை எடுக்கலாமா? தலைப்பை வெட்டாமல் விடலாமா? தமிழ் எழுத்துப் பிரியாமல் வருமா? ஐந்து நாள் கழித்து மரியாதையான ஒரு பதில் வந்தது. பெட்டியை எடுக்கலாமாம். மற்ற இரண்டையும் தாங்கள் பரிசோதித்துப் பார்க்கவில்லையாம், வாங்கிப் போட்டுப் பார்க்கலாமாம், ஆனால் வாங்கிய பிறகு காசு திரும்பக் கிடைக்காதாம்.

நண்பி இன்னும் மூன்று டெம்ப்ளேட்டுகளைத் தேடி எடுத்தாள். நாலையும் நாலு தனி வலைப்பூக்களில் போட்டு, என் கட்டுரைகள் பத்தை ஒவ்வொன்றிலும் ஏற்றினாள். ஒரு விடுமுறை நாளில் இருவருமாக வற்றாப்பளைக்குப் போனோம். அவள் அதுவரை ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் கால் வைத்ததில்லை. நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வந்து, சாணியில் மிதித்து, தானே கழுவிக்கொண்டாள்.

"அக்கா, உங்கட போனைத்தான் நம்பி வந்திருக்கிறம்" என்றேன்.

"இந்த உடைஞ்சதையோ?"

"ஓம், அதைத்தான்."

நாலையும் ஒவ்வொன்றாக அவர் போனில், அதே வேலிக்கரையில், உச்சி வெயிலில் திறந்தோம். ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன செய்வது என்று கண்டுபிடியுங்கோ என்று மட்டும் சொன்னேன். எங்கே தொட வேண்டும் என்று நண்பி இரண்டு முறை சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பாண் டெம்ப்ளேட் திறப்பதற்குள் அந்த அக்கா போனை வேலிக் கதியால் கம்பில் செருகிவிட்டுப் போய்க் கன்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். அப்போதும் படம் பாதிதான் வந்திருந்தது. நண்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, இது வேண்டாம்" என்று அவளே சொன்னாள். இரண்டாவதில் எழுத்து சாம்பல் நிறம், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கெதியாகத் திறந்தது, ஆனால் ஆடு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நாலாவதைப் பார்த்தால் யாரும் வடிவு என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து, பெரிதாக. முகப்பில் படமே இல்லை. தலைப்புகள் எவ்வளவு நீளமானாலும் மடங்கி இரண்டாம் வரிக்குப் போயின. அந்த அக்கா திறந்தார், ஆட்டுக்கு என்பதைத் தொட்டார், வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் பேசிக்கொண்டு நிற்க அவர் கட்டுரையைப் பாதி வாசித்துவிட்டார்.

"இதில எழுத்து கண்ணுக்குள்ள வருது, மிஸ்" என்றார்.

ஒரு குறை இருந்தது. தலைப்பின் மேல் ஓரத்தில் வி, வீ எழுத்துகளின் விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும் வெட்டுப்பட்டன. "வீக்கம்" என்பது வாசிக்கக் கரடுமுரடாக இருந்தது. நண்பி அதைப் படம் பிடித்து, செய்தவருக்கு அங்கிருந்தே அனுப்பினாள். எந்த நாட்டுக்காரரோ தெரியாது, மறுநாள் பதில் எழுதினார். இந்த மொழியின் எழுத்துகளுக்கு இவ்வளவு உயரம் தேவை என்று தனக்குத் தெரியாது என்றார். இரண்டு நாளில் திருத்திய கோப்பை அனுப்பி, சரியா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நாங்கள் இன்னும் காசு கட்டவில்லை.

"இதை மாதிரிச் சும்மா கிடைக்கிறதும் இருக்குத்தான்" என்றாள் நண்பி. "நான் கொஞ்சம் மினக்கெட்டா உன்ர பழசையே இப்பிடி ஆக்கலாம்."

"நீ மினக்கெடுவாய். அடுத்த வருசம் ஏதாவது உடைஞ்சா? கலியாணக் காட் வேலை நிறைய இருக்கேக்க நான் உன்னை வந்து கரைச்சல்படுத்தவே? அந்தாள் கேட்ட உடனே பதில் சொல்லுது. அதுக்குக் குடுப்பம்."

அந்த டெம்ப்ளேட் பாண் டெம்ப்ளேட்டின் பாதி விலைதான். அவள் தன் அட்டையால் கட்டினாள், நான் கையில் கொடுத்தேன். வாங்கியதில் எனக்கு இதுவரை வருத்தம் இல்லை. குறை இல்லாமலும் இல்லை. மாதங்களின் பெயர்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தேடும் பெட்டியில் தமிழில் தட்டினால் சில நேரம் ஒன்றும் வராது. வலைப்பூவை யாராவது புரொஜெக்டரில் போட்டால் இப்போதும் சிரிப்பார்களோ தெரியாது.

புதுப் பக்கத்தில் நான் முதலில் கை வைத்தது பால் காய்ச்சல் கட்டுரையில்தான். பழையதில் அந்த எச்சரிக்கை மூன்றாவது பந்தியில், கல்சியம் பற்றிய விளக்கத்துக்குப் பிறகு இருந்தது. டெம்ப்ளேட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அதை அங்கே வைத்தவளும் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை எடுத்து முதல் வரியாக, கறுப்பாக, தனியாகப் போட்டேன்: மாடு விழுந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

போடுவதற்கு முன் அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது மட்டும் காணாது, மிஸ்" என்றார்.

"ஏன் அக்கா?"

"ஊத்தேக்க அது குடிக்கிற மாதிரித்தான் இருக்கும். தொண்டை அசையும். அதைப் பாத்துத்தான் மனிசன்ர தம்பி முழுப் போத்திலையும் ஊத்தினவர். குடிக்குது, குடிக்குது எண்டு சந்தோசப்பட்டவர். அதையும் எழுதுங்கோ."

இத்தனை வருடம் மாடுகளோடு வேலை செய்தும் எனக்கு அதை எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. இரண்டாவது வரியாக எழுதினேன்: ஊற்றும்போது மாடு குடிப்பது போலவே தெரியும், தொண்டையும் அசையும், அதை நம்ப வேண்டாம். எழுதியதும் அவருக்கு அனுப்பினேன். அன்று பின்னேரம் அவரிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. வாசித்துப் பார்த்ததாகவும், சரியாக இருப்பதாகவும், தன் கணவரின் தம்பிக்கும் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். பின்னால் கன்று கத்துவது கேட்டது.